பச்சைக் கோடு நகரவில்லை

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன புதிதில், எங்கள் தெருவில் முதலில் இன்டர்நெட் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். பெருமைக்காக வாங்கவில்லை. மகள் கனடாவில் இருந்தாள். அவள் குழந்தையின் போட்டோக்கள் ஈமெயிலில் வரும். அதைப் பார்க்க நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பேன். கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. ஊரில் பாதிப் பேருக்கு முகம் தெரியும். ஒரு இடத்தில் அழுதால் மறுநாள் ஆபீசில் காரணம் கேட்பார்கள்.

மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். சென்னையில் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது, நாங்கள் போகவில்லை. அன்றிலிருந்து என் கணவர் அவளோடு பேசுவதில்லை. அவர் கணக்கு வாத்தியார், ஒருமுறை போட்ட விடையை அழிக்கவே மாட்டார். கல்யாண ஆல்பம் பார்சலில் வந்தபோது பிரிக்காமலேயே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு மகள்மேல் கோபம் இருந்தது. அவர்மேல் அதைவிட ஜாஸ்தியாக இருந்தது. இரண்டு கோபத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் வீடியோ எடுத்திருப்பதாக மகள் சொன்னாள். நடக்கிறானாம், விழுகிறானாம், எழுந்து அவனே கை தட்டிக்கொள்கிறானாம். கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் பிரின்ட் எடுத்து வைக்கிற போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிடலாம், அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். குழந்தையின் சத்தம் கூடத்தில் கேட்டால் மனுஷன் காதை எங்கே கொண்டுபோய் வைப்பார்? ஒருநாள் சாயங்காலம், அவர் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும்போது, சத்தமாகப் போட்டுவிட வேண்டும். பிறகு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஏதாவது ஆகும், அது போதும்.

சிடியில் போட்டுத் தபாலில் அனுப்பினால் ஆல்பத்தின் கதிதான். ஈமெயிலுக்கோ அந்த வீடியோ ரொம்பப் பெரிசு. அப்போதுதான் மகளின் வீட்டுக்காரர் இந்த வழியைச் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து என்னுடைய கம்ப்யூட்டருக்கு நேராகவே வந்துவிடுமாம். நடுவில் கடை இல்லை, ஆபீஸ் இல்லை, தபால்காரர் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே புரோகிராமைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் திறந்து வைத்திருந்தால் துண்டு துண்டாக வந்து சேர்ந்துவிடும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

புரோகிராமைப் போட்டேன். ஒரு பச்சைக் கோடு வந்தது. அது இடமிருந்து வலமாக நீள வேண்டும், முழுசாக நீண்டால் வீடியோ வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் கொஞ்சம் நீண்டது. அப்புறம் நின்றது. நின்றது என்றால், பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் மாட்டிக்கொண்ட பஸ் மாதிரி, பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் அப்படியே நின்றது.

இங்கே சாயங்காலம் என்றால் அங்கே காலை. மகள் தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். போன் மணி அடித்ததும் கணவர் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மகள் என்னோடு சாப்பாடு, உடம்பு, மழை என்று இரண்டு நிமிஷம் பேசுவாள். அதற்குமேல் பேச்சு தடுக்கிவிடும். இதற்கு முன்பெல்லாம் அந்த இடத்தில் போனை வைத்துவிடுவோம். இப்போது, "டவுன்லோடு என்னாச்சுன்னு அவர் கேக்கறார்மா" என்று வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவாள்.

அவர் என்னை "ஆன்ட்டி" என்றார். எனக்கு அந்த வார்த்தை ஆகாது. எதிர்வீட்டுப் பையன் கிரிக்கெட் பந்து கேட்க வரும்போது கூப்பிடுகிற வார்த்தை அது. ஆனால் அத்தை என்று கூப்பிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதும் தெரியவில்லை. மாப்பிள்ளை என்றால் கணவரை விட்டுவிட்டு நான் மட்டும் ராசியாகிவிட்டது போல ஆகும். பேர் சொல்வது மரியாதை இல்லை. ஆகவே "ஏங்க", "இந்தாங்க", "கேக்குதுங்களா" என்று எப்படியோ ஓட்டினேன்.

"ஆன்ட்டி, கீழ ஓரத்துல ஒரு சின்ன அடையாளம் இருக்கும் பாருங்க. பச்சையா, செகப்பா?"

"செகப்புங்க."

"அப்ப உங்க ரவுட்டர் தடுக்குது. வெளிய இருந்து நான் வந்து தட்டறேன், அது எந்தக் கம்ப்யூட்டருக்குன்னு தெரியாம திருப்பி அனுப்பிடுது."

டெலிபோன்காரர்கள் மாட்டிவிட்டுப் போன மோடம் பெட்டிக்குள்ளேயே ரவுட்டரும் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் ஆபீசிலும் இப்படித்தான். எந்த செக்‌ஷன் என்று எழுதாத தபால் ஆறு மேசை சுற்றிவிட்டு அனுப்பினவருக்கே போய்ச் சேரும். அந்த செக்‌ஷன் நம்பரைத்தான் இவர்கள் போர்ட் என்கிறார்கள் என்று நானாகப் புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுக்கு வருவதையெல்லாம் பிரிக்காமல் திருப்பி அனுப்ப இன்னொரு ஆள் எதற்கு என்று அந்தப் பெட்டிமேல் ஆத்திரமாக வந்தது.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். டைப் அடிப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எதை அடிக்கிறேன் என்று தெரிந்து அடிப்பது வேறு. புள்ளி வைத்த எண்கள், யூசர் பேர், பாஸ்வேர்டு, பிறகு ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ் கட்டங்கள். ஒரு கட்டத்தில் எண் போட்டுச் சேமித்தால் வேறொரு கட்டம் காலியாகிவிடும். இரண்டு மூன்று சாயங்காலம் இதிலேயே போனது. கடைசியில் அடையாளம் பச்சையாக மாறியது. நான் கை தட்டினேன். அந்தப் பக்கம் அவரும் தட்டினார். கோடு ஒரு நகக்கண் அளவு நகர்ந்து மறுபடி நின்றது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அதே கதை. வைரஸ் தடுக்கிற புரோகிராம் குறுக்கே நிற்கிறதா என்று பார்த்தோம், அதையும் வழிவிடச் சொன்னோம். நம் பக்கமிருந்து எவ்வளவு வெளியே போகலாம் என்ற இடத்தில் நான் ஒன்றுமே போகக் கூடாது என்பது போல வைத்திருந்தேன். அவர் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தார்.

"கொஞ்சமாவது விடணும் ஆன்ட்டி. வந்து சேர்ந்துச்சுன்னு நீங்க பதில் சொன்னாதான் அடுத்த துண்ட நான் அனுப்ப முடியும்."

"எங்களுது எதுவும் வெளிய போயிடாதே?"

"எங்ககிட்டதாங்க வரும்."

அதையும் மாற்றினேன். பயனில்லை. டெலிபோன் ஆபீசிலிருந்து லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, "பௌர்ணமி வருதும்மா, லைன் லோடு ஜாஸ்தி" என்றார். எங்கள் ஊரில் எது நின்றாலும் பௌர்ணமிமேல் போட்டுவிடலாம். பௌர்ணமி வந்து போனது, கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

என்னைக் குழப்பியது இதுதான். ஆபீசிலிருந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் நன்றாக ஓடும். நான் காபி போட்டுக் குடித்து, மாவு கரைத்து வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். கனடாவிலிருந்து போன் வந்து, நான் எடுத்து, "ஓடுதுங்க, நல்லா ஓடுது" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் நின்றுவிடும். மோடத்தை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். சரியாகிவிட்டதா என்று கேட்க அவர் மறுபடி கூப்பிடுவார், நின்றுவிடும். பிறகு சமையல், சாப்பாடு. இரவில் கம்ப்யூட்டரை ஓட விட்டுத் தூங்க எனக்குப் பயம். ஆக தினமும் கிடைப்பது அந்த ஆரம்பத்துக் கொஞ்ச நேரம்தான். போனால் கெடுகிறதோ என்றும் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். வேலூரிலிருந்து என் தங்கை கூப்பிட்டு ஊர்க்கதை முழுக்கப் பேசினாள், ஒன்றும் ஆகவில்லை, கோடு பாட்டுக்கு ஓடியது. அவர் கூப்பிட்டால் மட்டும் நின்றது.

அப்போது எனக்கு வந்த கெட்ட எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். இது அவருடைய ராசி என்று நினைத்தேன். அந்த மனுஷன் குரல் இந்த வீட்டுக்குள் வந்தாலே எல்லாம் நின்றுவிடுகிறது, கல்யாணத்தில் ஆரம்பித்தது இன்னும் தீரவில்லை என்று. நினைத்த அடுத்த நிமிஷமே அசிங்கமாக இருந்தது. தூக்கம் கலையாத குரலோடு தினமும் உட்கார்ந்து ஒரு டைப்பிஸ்ட்டுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவரை இப்படி நினைக்கலாமா? ஆனால் வேறு காரணமும் புரியவில்லை. உண்மையில், கோடு நகராமல் இருப்பதில் எனக்கு வருத்தமா என்பதே சில நாள் தெரியவில்லை. இரண்டு நிமிஷத்தில் முடிந்துகொண்டிருந்த போன் இப்போது அரைமணி நேரம் போனது. குழந்தை பின்னால் ஏதோ கத்திக்கொண்டிருப்பான், அவர் அவனை மடியில் வைத்துக்கொண்டே என்னிடம் பேசுவார். குரல் சில சமயம் சட்டென்று கம்மியாகிவிடும். அத்தனை தூரத்து லைன், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவரே சொன்னார்: "ஆன்ட்டி, என் ஸ்கிரீன்ல நீங்க தெரியறீங்க. நாம பேச ஆரம்பிச்சு அரை நிமிஷத்துல காணாம போயிடறீங்க. தினமும் இப்படித்தான் நடக்குது. எனக்கு ரவுட்டர் மேல சந்தேகம் இல்ல, போன் லைன் மேலதான். போனுக்கும் மோடத்துக்கும் நடுவுல ஒரு சின்ன டப்பா மாட்டியிருப்பாங்களே, இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அந்த டப்பா இல்லாம வேற எங்கயாவது போன் மாட்டியிருக்கீங்களா? அந்த போன எடுத்தா நெட் கட்டாயிடும்."

"இல்லீங்க. இந்த ஒரு கார்ட்லெஸ்தான். பழைய செட்டு ஒண்ணு இருந்துச்சு, அத துணியில சுத்தி பரண்ல போட்டுட்டோம். உள் ரூம்ல அதோட பாயிண்ட் மட்டும் செவுத்துல இருக்கும்."

"எதுக்கும் அந்த பாயிண்ட போய் பாத்துடுங்களேன்."

கையில் போனோடு உள் அறைக் கதவைத் தள்ளினேன். கணவர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் கட்டு பிரிக்காமல் கட்டில்மேல் கிடந்தது. மடியில் அந்தப் பழைய சிவப்பு செட்டு. அதன் ஒயர் பாயிண்டில் மாட்டியிருந்தது. ரிசீவர் காதில் இருந்தது, பேசுகிற பக்கத்தை மட்டும் இன்னொரு உள்ளங்கையால் இறுக்கி மூடியிருந்தார், மூச்சுச் சத்தம்கூடப் போகக் கூடாது என்று. என்னைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் போர்ட், பாஸ்வேர்டு, லைன்மேன் என்று என்னை அலையவிட்டுவிட்டு இங்கே உட்கார்ந்துகொண்டு! அப்புறம்தான் அவர் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. என் காதிலும் அது கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தை எதையோ தட்டித் தட்டி, ததத என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் இந்த மனுஷன் இதற்காகப் பரணிலிருந்து இறக்கிய செட்டை மாட்டி, கேட்டு, கழற்றி ஒளித்து வைத்திருக்கிறார்.

"என்னாச்சு ஆன்ட்டி? போன் எதுனா இருக்குதா?"

இருக்கிறது என்று சொன்னால் அதைக் கழற்றச் சொல்வார். கழற்றினால் வீடியோ வரும். நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனால் கழற்றிவிட்டால் நாளையிலிருந்து இவர் இந்த அறையில் சும்மா உட்கார்ந்திருப்பார், வெளியே வர மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

"இல்லீங்க" என்றேன், கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "இங்க போன் எதுவும் இல்ல."

நான் சொன்ன பொய் அவருடைய ரிசீவரிலும் கேட்டிருக்கும். அவர் ரிசீவரை மூடியிருந்த உள்ளங்கையை எடுத்தார்.

"இருக்குது மாப்ள" என்றார். "அவ பொய் சொல்றா."

அந்தப் பக்கம் மகளின் வீட்டுக்காரர், "மாமாங்களா?" என்று கேட்டார்.

"ம்."

"மாமா..." என்று மறுபடி ஆரம்பித்து, என்ன சொல்வது என்று தெரியாமல், தெரிந்ததையே சொன்னார். "அந்த போனத்தான் மாமா புடுங்கணும். புடுங்கிட்டா வீடியோ வந்துடும்."

"புடுங்கிட்டா நான் எதுல கேக்கறது?"

தினமும் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தவர், இதற்கு மட்டும் போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.