4417 லாரிக்குப் போன சீட்டு

"சீட்டு வந்துச்சான்னு கேட்டேன், வந்துச்சுன்னு சொல்லுச்சு. அப்பறம் எப்பிடிடி தப்பாச்சு?"

ஹெலன் அக்கா இப்படிக் கேட்டது என்னிடம். பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள் நான்.

அக்கா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலைக்கு மென்பொருள் எழுதுகிறாள். எடைமேடையில் லாரி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தட்டினால், வெளியே போவதற்கான சீட்டு கேட்டில் அச்சாகும். அங்கே எல்லோரும் லாரியை அந்த நான்கு இலக்கங்களால்தான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை ஆலைக்குள் இரண்டு 4417 நின்றன. ஒன்று தமிழ்நாடு, ஒன்று ஆந்திரா. ஆந்திரா வண்டி தமிழ்நாட்டு வண்டியின் சீட்டோடு கிளம்பி, எளாவூர் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டது. மென்பொருள் எல்லாச் சோதனையிலும் தேறியிருந்ததால், வாட்ச்மேன் துளசிராமனைத் திங்கள் முதல் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை துளசிராமன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா, உன் கம்ப்யூட்டரு பாஸு, நான் பெயிலா?"

அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். சோதனையில் அவள் நிஜ கேட்டை வைப்பதில்லை. அதற்குப் பதில் மென்பொருளிலேயே எழுதிவைத்த ஒரு பொம்மை கேட்டுதான். சீட்டு வந்ததா என்று மட்டும் அதனிடம் கேட்பாள். வெற்றுச் சீட்டு வந்தாலும் அது தலையாட்டும்.

இந்த முறை சரியான சீட்டு ஒன்றைத் தானே தயாரித்து, வந்த சீட்டும் இதுவும் ஒன்றா என்று கேட்டாள். ஒரே ஒரு லாரியை வைத்துப் பார்த்தபோதும் இல்லை என்றது. எழுத்து ஒன்றுதான், ஆனால் தாள் வேறாம்!

"யக்கா, இது ரொம்பக் கறாரா கீதே!" என்றேன்.

"தாள் கெடக்குது. எழுத்தைப் படிப்போம்" என்றாள். பொம்மையின் கையில் வந்த சீட்டைப் பிடித்துவைத்து, முழு எண், எடை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் செய்தாள். இரண்டு 4417-ஐயும் உள்ளே விட்டாள். திரை சிவந்தது. மென்பொருள் முதலில் கண்ட 4417-ஐ எடுத்திருந்தது.

அக்கா சிரித்தாள்.

"செவப்புன்னா கெட்டதுதான? ஏம்மா சிரிக்கிற?"

"உங்களுக்கு நல்லது, நைனா. எனக்குத்தான் கெட்டது."

திங்களன்று மேனேஜரிடம் திரையைக் காட்டினாள்.

"அவரும் நம்பர் பிளேட்டைப் பாத்திருக்கணும்ல?"

"சீட்டு எழுதுன நானே பாக்கலையே சார்."

மதியமே துளசிராமன் கேட்டில் நின்றார். இப்போது ஒவ்வொரு பிளேட்டையும் முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படிக்கிறார். லாரிகள் சாலை வரை நிற்கின்றன. டிரைவர்கள் திட்டுவது அக்காவைத்தான்.

பொம்மையை வைத்துச் சோதனை எழுதும் யாரையாவது தெரிந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். சீட்டு வந்ததா என்பதோடு விடாமல், வாங்கிப் படிக்கட்டும்.