ஆறாவது தெர்மாமீட்டர்

எங்கள் ஃபோர்ட் போர்ட்டல் ஊரில் கபஹெண்டா அப்வோலியின் வீட்டுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வந்தவரை உட்கார வைப்பாள். வாழைக்காய் மசியல் தீர்ந்தால் மறுபடி அடுப்பேற்றுவாள். இதே பெண்தான் அலுவலகத்தில், நீளம் முன்கூட்டித் தெரியாத எதையும் கிட்டே சேர்ப்பதில்லை.

நான் அடுத்த மேசை. பால் தொட்டிகளைக் குளிர்விக்கும் கருவிக்கு ரஸ்ட் மொழியில் நிரல் எழுதுவது எங்கள் பிழைப்பு. கருவிக்குள் இருக்கும் சில்லில் இடம் கொஞ்சம். நினைத்தபோது நீளும் பட்டியல் அதற்குக் கட்டுப்படியாகாது. அதனால் நீளம் உறுதியான எண் வரிசைகள். அவற்றையும் அப்வோலி ஒவ்வொன்றாக எண்ணித் தொடமாட்டாள். வரிசைக்கு மொத்தமாக உத்தரவு போடுவாள்: எல்லோரும் இப்படி மாறுங்கள், பக்கத்து வரிசையோடு ஜோடி சேருங்கள், மடிந்து ஒரே எண்ணாக வாருங்கள். எந்த நீளத்துக்கும் பொருந்தும்படி இதை ஒரே முறை எழுதிவிட்டாள். நிபந்தனை ஒன்றுதான்: ஜோடி சேரும் வரிசைகள் சம நீளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிரலைச் சரிபார்த்து உள்ளே விடும் கம்பைலர் கதவைச் சாத்திவிடும்.

பால் கூட்டுறவுச் சங்கத்தின் புதுத் தொட்டிக்கு அது சாத்தியது. வெள்ளிக்கிழமை சோதனை. சங்கத் தலைவி தலையாட்டினால் அவர்களுடைய எல்லாத் தொட்டியும் எங்களுக்கு. ஆட்டாவிட்டால் எங்கள் பால் பிரிவுக்கே பூட்டு. தொட்டியில் ஆறு தெர்மாமீட்டர். ஒவ்வொன்றும் கொஞ்சம் தப்பாகக் காட்டும், அதற்கான திருத்த எண்கள் ஐந்துதான் இருந்தன. மேல்மூடிக்கு அடியில் தொட்டிக்காரர்கள் கடைசியாகச் சொருகிய ஆறாவதை யாரும் அளக்கவில்லை.

முதலாளி பசலிசா அராலிக்குப் பொறுமை கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் சண்டையிலும், பெயரின் பின்பாதியாக வரும் செல்லப்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

“அப்வோலி, நீளம் பாக்காத சாதாரண ஜோடி போட்டுத் தொலையேன். சின்ன வரிசை தீந்ததும் தானா நின்னுக்கும்.”

“நின்னுக்கும் அராலி. ஆறாவதை வாசல்லயே விட்டுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம நின்னுக்கும்.”

“சரி, அதுக்கு சைபர் போடு.”

“அளக்காத சைபர் பொய். நேர்ல போய் அளந்துட்டு வரேன்.”

“உன் நேர்மைக்கு நான் வண்டி தரமாட்டேன், பாத்துக்க.”

“கேட்டேனா?”

மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, பால் கேனில் அடைத்து, வாடகைக்கு ஓடும் போடா பைக்கின் பின்னால் ஏறிச் சங்கத்துக்குப் போனாள். தலைவி கபஜுங்கு அத்யேரி வாசலிலேயே சிரித்தாராம்: “பாலைக் குளிர வைக்க மிஷின் கொண்டா அப்வோலின்னா, ஐஸே கொண்டு வந்துட்டியா? மிஷின் மேல அவ்வளவு நம்பிக்கையா?” அவளும் சிரித்தாள். ஆறாவது தெர்மாமீட்டரைக் கழற்றி, சரியாக சைபர் டிகிரியில் நிற்கும் ஐஸ் தண்ணீரில் முக்கி, அது எவ்வளவு தப்பு என்று குறித்துக்கொண்டு திரும்பினாள். ஆறுக்கு ஆறு. கம்பைலர் கதவைத் திறந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், குளிர்ந்த பால் இருந்த தொட்டியில் புதுப் பாலை ஊற்றினார்கள். திரையில் ஐந்து எண்கள் குளிர்ந்துவிட்டன, ஆறாவது மட்டும் இறங்கவில்லை. மோட்டார் நிற்கவில்லை.

“அஞ்சும் போதும்னு சொல்லுது. இது எதுக்கு இன்னும் உறுமுது?” அத்யேரியின் முகம் மாறியது. “கரன்ட்டுக்கு உங்க அப்பனா குடுப்பான்?”

அராலி அப்வோலியை முறைத்தார். அவள் பதறவில்லை. “மேலாப்புல மொண்டு குடிச்சுப் பாருங்க, அத்யேரி.”

தலைவி கோப்பையில் மொண்டு குடித்தார். வெதுவெதுப்பு. கறந்த மாட்டின் சூடு அப்படியே. ஐந்து தெர்மாமீட்டரைக் கேட்டு மோட்டாரை நிறுத்தியிருந்தால், காலையில் மொத்தமும் திரிந்திருக்கும். ஆறில் மிகச் சூடானதும் குளிர்ந்தால்தான் மோட்டார் நிற்கும்படி அப்வோலி எழுதியிருந்தாள். சற்று நேரத்தில் ஆறாவதும் இறங்கியது, மோட்டார் நின்றது. அத்யேரி மீதிப் பாலையும் குடித்து, உதட்டைத் துடைத்து, தலையாட்டினார். கருவியின் அருமையை அராலி உடனே அவருக்கு விளக்க ஆரம்பித்தார், தானே ஐஸ் சுமந்தவர் போல.

அன்று எல்லோருக்கும் அப்வோலி வீட்டில் சாப்பாடு. எத்தனை பேரென்று வழக்கம்போல அவள் எண்ணவில்லை. தட்டுகள் தீர்ந்தபோது கை கழுவிவிட்டு வெறுங்கையோடு நின்றவர் அராலி.

“முன்னாடியே எண்ணியிருக்கக் கூடாதா அப்வோலி?”

“சின்ன வரிசை தீந்ததும் நின்னுக்கும் அராலி. நீங்க சொன்ன ஜோடிதான்.”

அப்புறம் தன் தட்டை அவரிடம் நீட்டிவிட்டு, சட்டியிலேயே சாப்பிட உட்கார்ந்தாள்.