மலை ரயிலா, பஸ்ஸா?

நான் செம்பாக்கத்துக்காரன். ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். சில வருடங்களுக்கு முன் பக்கத்துக் காலனிக்காரர்கள் ஏற்பாடு செய்த ஊட்டி டூரிஸ்ட் பஸ்ஸில் நானும் மனைவியும் போனோம்.

வழக்கம்போலப் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். பஸ் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது. வழியெல்லாம் ஜன்னலில் தலை வைத்தபடியே வந்தாள்.

மேட்டுப்பாளையத்தில் டூர் நடத்தியவர் எங்கள் பக்கம் வந்தார். "இங்கிருந்து மலை ரயில்ல வர்றவங்க கை தூக்குங்க சார். மத்தவங்க பஸ்லயே வரலாம்" என்றார். மனைவியைக் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

"இன்னா சார், வீட்ல பர்மிஷன் வாங்கணுமா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். "பஸ்ஸே போதும் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மலை வளைவுகளில் அவள் வாந்தி எடுத்துத் துவண்டு போனாள். ரயிலில் வந்தவர்களுக்குக் குகைப் பாதைகளையும் அருவிகளையும் பற்றிப் பேசித் தீரவில்லை. அவர்கள் ஊர் சுற்றப் போனபோது இவள் லாட்ஜில் சுருண்டு கிடந்தாள்.

"நான் முன் சீட்லதானே குந்திகினு இருந்தேன்? ஒரு வார்த்தை கேட்டா இன்னா?" என்றாள்.

இப்போதெல்லாம் யார் சிரித்தாலும் எழுந்து போய் அவளைக் கேட்கிறேன். "உங்க இஷ்டம்" என்று மட்டும்தான் சொல்கிறாள்.