பட்டம் இங்கே வரட்டும்

புதுச்சேரி துய்மா வீதியில் புதிதாகத் திறந்த விடுதியின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று, அஞ்சலாட்சி குடையின் நுனியை உயர்த்திக் காட்டினார்.

"அந்த 'ஓ' தலையில தொப்பி எங்க?"

வாசலில் நின்ற காவலாளி அவசரமாகத் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. மேலாளரைக் கூப்பிடச் சொன்னார். மேலாளர் வந்தார். பலகையில் பிரெஞ்சில் எழுதியிருக்கும் 'ஹோட்டல்' என்ற சொல்லில் ஓ எழுத்தின் மேல் கூரை போல ஒரு குறி வரவேண்டும், அது விடுபட்டிருக்கிறது என்று அவரிடம் அஞ்சலாட்சி நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"இங்கிலீஷ்ல அப்படித்தானம்மா எழுதுவாங்க?"

"மொதல் வார்த்தைய பிரெஞ்சுல எழுதிட்டு ரெண்டாவது வார்த்தைக்கு இங்கிலீஷ்னு சொன்னா எப்படி? பெயிண்டரக் கூப்புடுங்க. ரெண்டு இழுப்பு. அவ்ளோதான்."

"நீங்க யாரும்மா?"

"படிச்சவ," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வயது நாற்பத்து நான்கு. குள்ளம். வேக நடை. மெல்லிய பருத்திப் புடவை, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை, தோளில் காய்கறிப் பை. பைக்குள் வெண்டைக்காயோடு கசங்காமல் கிடப்பது ஒரு தடித்த சிவப்பு அட்டைப் புத்தகம்: பிரான்சின் உரிமையியல் சட்டத் தொகுப்பு. அதன் ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கில் மங்கியிருக்கின்றன. பக்க அடையாளத்துக்குப் பேருந்துச் சீட்டுகளைச் செருகி வைத்திருக்கிறார். முதலியார்பேட்டையிலிருந்து நகரத்துக்கு வரும் சீட்டுகள்.

இருபது வருடம் வழக்கறிஞர் ஹரிகிருஷ்ணனின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். பழைய பிரெஞ்சுப் பத்திரங்கள் வரும் அலுவலகம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் பிரெஞ்சில் எழுதிய உயில், பாகப்பிரிவினை, தானப் பத்திரம் எல்லாம் இன்றும் ஊரில் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. வழக்கு வரும்போது வெளியே எடுப்பார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் இராமலிங்கம் அவற்றைத் தமிழில் சொல்லச் சொல்ல, அஞ்சலாட்சி அடிப்பார். பஞ்சாலைத் தொழிலாளியின் மகளான அவர் அரசாங்கத்தின் பிரெஞ்சுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவர். கல்லூரியில் சேரவேண்டிய வருடம் ஆலையில் கதவடைப்பு. தட்டச்சுப் பயிற்சியில் சேர்ந்தார்.

2002ஆம் ஆண்டு முத்தியால்பேட்டை கமலவேணியின் வழக்குப் பத்திரம், நீதிமன்றம் கேட்ட மொழிபெயர்ப்புக்காக வந்தது. கணவரை இழந்தவர். கணவரின் பாட்டனார் எழுதிய உயில் அது. வீட்டைத் தன் மூத்த மகன் வழிக்கு எழுதிவிட்டு, இளைய மகன் சாகும்வரை அதில் குடியிருந்து அனுபவிக்கலாம் என்று அவர் எழுதியிருந்தார். கமலவேணியின் கணவர் மூத்தவர் வழி. இளையவர் இறந்து முப்பது வருடம் ஆகியும் அவருடைய பிள்ளைகள் வீடு எங்களுடையது என்று நின்றார்கள். இராமலிங்கம் தமிழில் சொன்னபோது, 'சாகும்வரை அனுபவிக்கும் உரிமை' என்பது 'சர்வ சுதந்திர பாத்தியதை', அதாவது முழு உரிமை, ஆகிவிட்டது. அடுத்த வரியில் மூத்தவர் வழிக்கு வீட்டைக் கொடுத்த சொல்லை அவர் தாண்டியே போய்விட்டார்.

"அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் 'அம்மணமான உடைமை'," என்று அஞ்சலாட்சி, இதை எழுதுகிற எனக்கு விளக்கினார். "சட்டத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. அனுபவிக்கிற உரிமைய உரிச்சி எடுத்துட்டா மிச்சம் நிக்கிது பாருங்க, அந்தச் சொத்து. அவருக்கு அது புரியல. ஆபாசமா இருக்குதுன்னு வுட்டுட்டாரு போல."

அன்று அடிப்பதை நிறுத்திவிட்டு அஞ்சலாட்சி எழுந்து அந்தத் தவறைச் சொன்னார். இராமலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ எந்த யூனிவர்சிட்டில சட்டம் படிச்ச?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹரிகிருஷ்ணனும் சிரித்தார். "சொன்னத அடிங்க அஞ்சலாட்சி," என்றார். அடித்தார். அந்தத் தாள் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு வருடத்தில் கமலவேணி வழக்கைத் தோற்று, தன் மாமியார் வாழ்ந்த வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் போனார். "என் கையாலதான அடிச்சேன்," என்று சொல்லும்போது அஞ்சலாட்சி தன் விரல்களைப் பார்க்கிறார். இன்றும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் படிக்கத் தொடங்கினார். பிரான்சில் ஒரு பல்கலைக்கழகம் சட்டப் படிப்பைத் தபால் வழியே நடத்துகிறது என்று செய்தித்தாளில் படித்து, எழுதிப் போட்டார். பாடங்கள் பழுப்பு உறைகளில் வந்தன. பின்னால் கணினி மையத்தில் போய்ப் பார்க்கும் பாடங்களும் வந்தன. மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம், காலை மாலை பேருந்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும். மூன்று வருடப் படிப்பு அவருக்கு ஐந்து வருடம் ஆனது.

ஊர் வேறு கணக்குப் போட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு என்றால் விமானம். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு ஓய்வூதியம், பாரிசில் இருக்கும் சித்தப்பா. "எப்பம்மா கெளம்புற?" என்று கேட்காதவர் இல்லை. ஒருத்தி ரகசியமாக, "அங்க யாரையாவது கல்யாணம் கட்டப் போறியா, ஒன் புருஷன் பாவம்," என்றே கேட்டுவிட்டாள்.

"நான் எதுக்குப் போவணும்? பட்டம் இங்க வரட்டும்," என்பார் அஞ்சலாட்சி எல்லோரிடமும். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார்.

கணவர் கண்ணையன் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். பேச்சுக் குறைவு. முதல் வருடம் இரண்டு தாள்களில் இருபதுக்கு ஏழு வந்தது. பத்து வாங்கினால்தான் தேர்ச்சி. தாளை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சலாட்சி அழுதுகொண்டிருந்தார். கண்ணையன் வாங்கிப் பார்த்தார்.

"இருவதுக்கு ஏழுன்னா நூத்துக்கு முப்பத்தஞ்சு. நம்ம ஊருல பாஸு. அவனுங்களுக்குக் கணக்குத் தெரியல. மறுபடி எழுது."

மறுபடி எழுதினார்.

கடைசி வருடம் வாய்மொழித் தேர்வு. தொலைபேசியில். வீட்டில் தொலைபேசி இல்லை. கடலூர் சாலையில் காத்தவராயனின் எஸ்.டி.டி. பூத் எண்ணைக் கொடுத்திருந்தார். மதியம் மூன்று மணிக்கு அழைப்பு வரும். அன்று காத்தவராயன் ஷட்டரைப் பாதி இறக்கி, 'பரீட்சை நடக்கிறது, பேச வேண்டாம்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். கண்ணையன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வெளியே நின்றார். ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு வந்தபோது, ஒரு ஐஸ் வாங்கி அவர் கையிலேயே கொடுத்து, அப்பால் போய்ச் சாப்பிடச் சொன்னாராம்.

கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்த்து ஊற்ற, இருபத்தைந்து நிமிடம். தனக்குச் சொந்தமில்லாத வீட்டை ஒருவன் விற்றால் என்ன ஆகும் என்று கேட்டாராம் பேராசிரியர். சட்டப் பிரிவு எண்ணோடு சொன்னார் இவர். நடுவில் ஒரு பெரிய ஹாரன்.

"மதாம், அது என்ன சத்தம்?"

"கடலூர் பஸ், முசியே."

முடிக்கும்போது பேராசிரியர் மரியாதையாகக் கேட்டார்: பட்டம் வாங்கிய பிறகு பிரான்சுக்கு எப்போது வருகிறீர்கள்? இவர் பிரெஞ்சில் சொன்ன பதிலை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"நான் வரல முசியே. நீங்க கெளம்பிப் போய்ட்டீங்க, உங்க சட்டத்த எங்க ஊரு பொட்டியில வுட்டுட்டுப் போய்ட்டீங்க. இங்க இருந்து யாராவது அதப் படிக்கணுமில்ல?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு. இருபதுக்குப் பதினான்கு.

2008இல் பட்டம் வந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டார், போட்டார். அதே வாரம், வாடகை வீட்டில் இருந்த கமலவேணியைத் தேடிப் போய், "மேல்முறையீடு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். நிலுவையில் இருந்தது. உயிலைத் தானே மொழிபெயர்த்து, தன் பெயரையும் பட்டத்தையும் கீழே எழுதிக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் ஹரிகிருஷ்ணன், "ஆபீஸுக்கு எதிராவே பேப்பர் குடுப்பியா?" என்றார். "தப்புக்கு எதிராத்தான் சார்," என்று சொல்லிவிட்டு, அன்றே வேலையிலிருந்து நின்றுகொண்டார்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், தபாலில் பட்டம் வாங்கியவரின் மொழிபெயர்ப்பை ஏற்கக்கூடாது என்றார். நீதிபதி அஞ்சலாட்சியை எழுந்து நிற்கச் சொன்னார்.

"நீங்க பிரான்சுல எந்த ஊர்ல படிச்சீங்க?"

"முதலியார்பேட்டையிலங்க ஐயா."

கூடம் சிரித்தது. அவர் நின்ற இடத்தில் நின்றார். சிரிப்பு அடங்கியதும், "எந்த வரி தப்புன்னு சொல்லச் சொல்லுங்க ஐயா. பதில் சொல்றேன்," என்றார். நீதிபதி இரண்டு மொழிபெயர்ப்புகளையும் சென்னையில் இருந்த மூன்றாவது ஆளுக்கு அனுப்பினார். மூன்று மாதத்தில் பதில் வந்தது: பெண்மணி எழுதியதே சரி. கமலவேணி வீட்டுக்குத் திரும்பிப் போன அன்று அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு, எல்லா அறைகளையும் திறந்து காட்டினார். கிணற்றங்கரை வரைக்கும்.

அதன்பிறகு இராமலிங்கம் வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்கிறார்கள். "போய்ப் பாத்திருக்கணுமோ?" என்று அஞ்சலாட்சி என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன், "போவ மாட்டேன்," என்று தானே சொல்லிக்கொண்டார்.

இப்போது வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு பழைய கணினி. நகரத்து வழக்கறிஞர்கள் மூன்று பேர் பத்திரங்கள் அனுப்புகிறார்கள். அரசின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயர் ஏறவேண்டும் என்று விண்ணப்பித்திருந்தார். அதற்கு, இந்தப் பட்டம் இங்கத்திய பட்டத்துக்குச் சமம் என்று ஓர் அலுவலகம் சொல்லவேண்டும். போன செவ்வாய்க்கிழமை அங்கே போனார். நானும் கூடப் போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி இராமதாஸ் கெட்ட மனிதர் அல்ல. கோப்பைத் திறந்து, பட்டத்தைத் தடவிப் பார்த்து, வருத்தத்தோடுதான் சொன்னார்.

"அங்க போயி படிச்சிருந்தீங்கன்னா பிரச்சனை இல்லம்மா. இங்கயே உக்காந்துக்கிட்டு தபால்ல படிச்சதுக்குச் சமம் போட முடியாது."

"அங்க போனவனுக்கும் எனக்கும் ஒரே கேள்வித்தாள் சார். ஒரே வாத்தியார் திருத்துனாரு. நான் ஏரோப்ளேன்ல ஏறலங்கறதுதான் கொறையா?"

"ரூல் அப்படிம்மா."

"எந்த ரூலு? நம்பர் சொல்லுங்க."

இராமதாஸ் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. "நீங்க ஒரிஜினல வாங்கிட்டுப் போங்க. மேலிடத்துல கேட்டு, முடியாதுன்னா தபால்ல தகவல் அனுப்புறோம்."

"தபால்ல வந்தா செல்லாதுன்னு இப்பதான சொன்னீங்க?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கோப்பை மூடி, மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். அஞ்சலாட்சி அதைத் தொடவில்லை. சுவரோரம் கிடந்த இரும்பு நாற்காலியைத் தரையில் கீறிக்கொண்டு இழுத்து வந்து, நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோப்பின் மேல் வைத்தார். "ஏன் முடியாதுன்னு இதுல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்," என்றார். பிறகு தன் பேனாவின் மூடியைக் கழற்றி, அடிப்பக்கம் அவருக்கு வாகாக இருக்கும்படி திருப்பி, நீட்டினார். இராமதாஸ் மின்விசிறியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சலாட்சி நீட்டிய கை இறங்கவில்லை.