தாண்டவராயன் வருகிற நேரம்

சைக்கிளை ஸ்டாண்டு போட்டதும் தாண்டவராயன் ஒருமுறை கனைப்பார். உள்ளே பெண்பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ, சட்டென்று நுழையக்கூடாது என்பது அவர் மரியாதை. கனைத்துவிட்டு வந்து, தங்கை அம்சவல்லி வீட்டு வாசலில் ணங்கென்று தலையை இடித்துக்கொள்வார். வல்லத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட அந்த ஓட்டு வீட்டுக்கு வாசல் குட்டை. அவரோ பனைமரத்தில் பாதி. எத்தனை வருஷம் வந்தாலும் அந்த வாசல் அவருக்குப் பழகவில்லை. "உன் வூட்டு வாசலுக்கு என் மேல இன்னாத்துக்கும்மா இவ்ளோ கோவம்" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பார்.

பார்த்துப் பார்த்து அம்சவல்லி ஒரு வழி கண்டுபிடித்தாள். கனைப்பு கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, வாசலின் மேல்கட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அண்ணன் தலை அவள் கையில் மெத்தென்று முட்டும். "பொழச்சேன்" என்பார். வருகிற நாளெல்லாம் இதே கதைதான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை அவருக்கு. சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் தவிட்டுத் தூள். எவ்வளவு குளித்தாலும் அவித்த நெல்லின் வாசனை போகாது. ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். படுக்கை மூத்த அண்ணன் கோதண்டராமன் வீட்டில். கூடப் பிறந்தவர்கள் பத்துப்பேர். ஒரகடத்திலிருந்து குன்றத்தூர் வரைக்கும் ஆளுக்கொரு திக்கில் குடித்தனம். நாளுக்கு இரண்டு வீடு என்று முறை வைத்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பார். கேரியரில் மனிதருக்கு நொய், மாட்டுக்குத் தவிடு. தங்களுக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு தம்பிகளின் வீட்டுக்கும் போவார். ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் காதில் போடமாட்டார். பிள்ளைகளின் பெயர்கள் அவருக்குக் குழம்பிப்போகும். அதனால் எல்லாப் பிள்ளையும் "சின்னவரே"தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜாதகத்தில் கோளாறு, எவளையோ நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊர் ஆளுக்கொன்று சொன்னது. அவரைக் கேட்டால், "இத்தினி வூடு கீது. எனக்குன்னு வேற ஒரு வூடு இன்னாத்துக்கு" என்பார். விஷயம் அவ்வளவுதான் என்பது அம்சவல்லிக்குத் தெரியும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி அடைமழையில், மில்லில் நெல் ஊறுகிற தொட்டி ஓரம் உட்கார்ந்தவர், "கண்ண இருட்டிகினு வருதுப்பா" என்றாராம். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் போய்விட்டார் என்றார்கள். தொந்தரவு அப்புறம்தான் ஆரம்பித்தது.

கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளை செத்தால், எடுப்பதற்கு முன் பக்கத்தில் ஒரு வாழைக்கன்றை நிறுத்தி, அதைப் பெண்ணாகப் பாவித்துத் தாலி கட்டுவது அவர்கள் வழக்கம். கட்டாவிட்டால் ஆசை தீராமல் வீடு வீடாகச் சுற்றும் என்பார்கள். அன்றைக்கு விறகு நனைகிறது, ஏரித் தண்ணீர் சுடுகாட்டு வழிக்கு ஏறிவிடும் என்று ஆளாளுக்குப் பறந்ததில் வாழைக்கன்றை ஒருத்தரும் நினைக்கவில்லை. அவன் பார்த்திருப்பான் என்று இவன் இருந்தான், இவன் பார்த்திருப்பான் என்று அவன். இந்த மாதிரிக் காரியங்களை மறக்காமல் செய்கிற ஆள் அந்தக் குடும்பத்தில் ஒருத்தர்தான். அவர் பாடையில் இருந்தார்.

எரித்துவிட்டு வந்து தலை முழுகும்போதுதான் கோதண்டராமனுக்கு நினைப்பு வந்தது. ஈரத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் சாயங்காலம் ஒரகடத்துத் தம்பி வீட்டு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. அவித்த நெல் வாசனை மட்டும். அன்றைக்கே இன்னொரு வீட்டிலும் கேட்டது. அடுத்த நாள் வேறு இரண்டு வீடு. அவர் வைத்திருந்த அதே முறை. சைக்கிளோ கோதண்டராமன் வீட்டு மாட்டுக்கொட்டகையில், இரண்டு டயரும் காற்றிறங்கிச் சாத்திக் கிடந்தது.

ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலைக் கொத்து ஏறியது. பொழுது சாயும் முன்பே கதவைச் சாத்தினார்கள். எல்லாம் அவர் கொண்டுவந்த நொய்யில் கஞ்சி குடித்த வீடுகள். நேற்றுவரை அண்ணன், இன்றைக்கு அவர் பேரைச் சொல்லவே பயம்.

முறைப்படி கடைசி வீடு அம்சவல்லியுடையது. அன்று மத்தியானமே பெரியக்கா முனியம்மாள் வேப்பிலையோடு வந்துவிட்டாள்.

"கட்டுடி அம்சா. புள்ளைங்க கீற வூடு."

"நம்ம அண்ணன்க்கா."

"யாரு இல்லேன்னா? உசுரோட இருந்தப்ப அண்ணன். செத்தவங்களுக்கு நல்லது கெட்டது தெரியாதுடி. தொணைக்கு ஒரு புள்ளைய இட்டுகினு போனா இன்னா பண்ணுவே?"

அம்சவல்லி பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் சுப்பராயன் கொத்தை வாங்கி வாசலில் கட்டினார். "வாணாம்னு சொல்லாதேமே. எனுக்கும் பாவமாத்தான் கீது. எல்லாரும் கட்டிகிறாங்க" என்றார்.

அவளுக்கும் பயம்தான். இரண்டு பிள்ளைகளையும் உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, விளக்கை ஏற்றினாள். ஆனால் பயத்தைவிட வேறொன்று அவள் நெஞ்சை அறுத்தது. மற்ற எல்லா வீட்டிலும் சாத்தியாகிவிட்டது. தனக்கென்று ஒரு வீடு வைத்துக்கொள்ளாத மனுஷர். இங்கேயும் சாத்திவிட்டால் அண்ணன் எங்கே போவார்?

மழை விட்டிருந்தது. தவிடு வரும்போது மட்டும் குரல் கொடுக்கிற எருமை, முற்றத்தில் குரல் கொடுத்தது. கதவிடுக்கில் அவித்த நெல் வாசனை வந்தது. அப்புறம் ஸ்டாண்டு போடுகிற சத்தம். சுப்பராயன் பிள்ளைகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, "போவாத" என்றார், குரலே எழாமல்.

வெளியே ஒரு கனைப்பு. அவர் போனபிறகு வேறு எந்த வீட்டிலும் கேட்காத கனைப்பு அது. கனைத்துவிட்டு அது நின்றது. உள்ளே வரலாமா என்று காத்திருப்பதுபோல இருந்தது.

அம்சவல்லி எழுந்தாள். போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. வேப்பிலைக் கொத்தைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டாள். பிறகு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி, கையை உயர்த்தி, வாசலின் மேல்கட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.