நெற்றியைத் துடைக்கச் சொல்லும் வேலை

பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் நான் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஸ்டோரின் பின்வாசலில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது. அதன் பக்கத்து ஆணியில் ஓர் ஈரத்துண்டு தொங்கும். காலையில் ஸ்டோர் திறக்குமுன் விற்பனை ஆட்கள் வரிசையாக வந்து, கண்ணாடியில் முகம் பார்த்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். திருநீறு, நாமம், சந்தனம், குங்குமம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் துரை 'பெயிண்ட்' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார். தொப்பிப் பகுதியில் நிற்கும் மலாய்க்காரர் தம் சோங்கோக் குல்லாவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மேம்சாப்களின் தொப்பிகளைக் கையில் எடுக்கிறார். வாசலில் நிற்கும் சீக்கியக் காவலாளியின் தலைப்பாகைக்கு மட்டும் தடை இல்லை. அது ஸ்டோருக்குக் கம்பீரமாம். டிசம்பர் மாதம் உள்ளே ஓர் ஊசியிலை மரத்தை நிறுத்தி, நாங்கள் எல்லாரும் ஏறி நட்சத்திரம் கட்ட வேண்டும். அதற்கு மதம் என்று பெயர் இல்லை, வழக்கம் என்று பெயர்.

என் கழுத்தில் ஒரு சிலுவை உண்டு. அதைத் துரை பார்த்திருக்கிறார். "வெரி நைஸ்" என்று ஒருமுறை சொன்னார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம் வரை படித்த இங்கிலீஷும் அந்தச் சிலுவையும் சேர்ந்து எனக்கு ஒரு பதவியைக் கொடுத்தன. தமிழ் ஆட்களுக்கும் துரைக்கும் நடுவில் நிற்கும் கிராணி நான். இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். யார் துடைத்தார், யார் துடைக்கவில்லை என்று பார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கோபம் வரும். வெள்ளைக்காரன் புத்தி என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதற்குமுன் நான் வேலை பார்த்தது அரியலூர்க் கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடையில். அங்கே சாமி படத்துக்குக் கீழே ஒரு மரக்கிண்ணத்தில் திருநீறு இருக்கும். சேர்ந்த முதல்நாள் முதலாளி கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்று தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார். யுத்தக் காலம். துணிக்குக் கட்டுப்பாடு வந்து, ரேஷன் கார்டு பார்த்து எழுதிக் கொடுக்க எழுத்துத் தெரிந்த ஆள் அவருக்குத் தேவைப்பட்டது.

"உடையார்பாளையத்துப் பெரிய வூட்டுக்காரங்க வர்ற கடை தம்பி. வெறும் நெத்தியோட நின்னா எழவு வூடு மாதிரி இருக்கும். பூசிக்க."

"நாங்க பூசறதில்லீங்க."

"வூட்டுக்குப் போனா நீ யாரா வேணா இரு. கடையில நீ ஆறுமுகம். ஆரோக்கியசாமிங்கிற பேரு இங்க வாயில நொழையாது."

பூசிக்கொண்டேன். சாமர்த்தியமாகத்தான் பூசிக்கொண்டேன். சிலுவையைச் சட்டைக்குள் போட்டு, காலர் பொத்தானை மாட்டிவிட்டால் எதுவும் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்துக்குப் போகும்போது, ஊர் எல்லைக் குட்டையில் முகம் கழுவிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் நெற்றி யாருடையதைவிடவும் சுத்தமாக இருக்கும்.

பினாங்குக்கு யுத்தம் முடிந்தபின் வந்தேன். ஸ்டோரில் மருதமுத்து அண்ணன் எனக்கு முன்பே இருந்தார். பீங்கான் சாமான்கள் பகுதி. சிறுவாச்சூர்க்காரர், யுத்தத்துக்கு முன்பே கப்பலேறி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் படுத்தவர்கள் எல்லாம் காலராவில் போய்விட, இவர் மட்டும் திரும்பினார். அதுவரை ஊருக்குக் கடிதம் இல்லை. செத்துவிட்டார் என்று முடிவுகட்டி, சொந்தக்காரர்கள் அவர் மனைவி செல்லம்மாளிடம் நெற்றிப் பொட்டை அழிக்கச் சொன்னார்கள். "பொணத்தக் கொண்டாந்து காட்டுங்க, அழிக்கிறேன்" என்றாளாம். மூன்று வருஷம் அந்தப் பொட்டோடுதான் கூலி வேலைக்குப் போயிருக்கிறாள். கேலி பேசினவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் எதிரே வராதே என்று ஒதுக்கினவர்களும் உண்டு. தபால் ஓடத் தொடங்கியபின் அவள் எழுதுவித்த முதல் கடிதத்தின் மடிப்பில் சிறுவாச்சூர்க் காளி கோயில் குங்குமம் இருந்தது. அன்றிலிருந்து அண்ணன் அதை இட்டுக்கொண்டார். கடிதத்துக்குக் கடிதம் ஒரு பொட்டலம் வரும்.

வினை ஒரு வெள்ளைக்கார அம்மாளின் இரக்கத்தால் வந்தது. தேநீர்க் கோப்பை வாங்க வந்தவள், அண்ணனின் நெற்றியைப் பார்த்துப் பதறிவிட்டாள். புழுக்கத்தில் வியர்த்து, குங்குமம் மூக்கு வரை இறங்கியிருந்தது. உனக்கு யார் இந்தக் காயத்தை உண்டாக்கியது என்று கேட்டாள். அண்ணனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்பம். இதை யார் கொடுத்தது என்று கேட்பதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே, "மதர், மேடம். பிக் மதர்" என்றார். காளியைச் சொன்னார். பெற்ற தாய் மண்டையை உடைத்தும் சிரிக்கிறானே என்று அவள் துரையிடம் ஓடினாள். விஷயம் தெரிந்தபோது துரை சிரிக்கவில்லை. தம் முன்னால் அந்த அம்மாள் வெட்கப்பட்டுப் போனதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. மறுநாளே கண்ணாடியும் துண்டும் வந்தன. "நீ கிறிஸ்தவன், உனக்குப் புரியும்" என்று சொல்லித் துரை பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

எனக்குப் புரியத்தான் செய்தது. அரியலூரில் ஒருநாள் என் அம்மா கடைக்கு வந்தாள். தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்க, சொல்லாமல் வந்துவிட்டாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி கூப்பிட்டார்: "ஏய் ஆறுமுகம், அந்தம்மாவுக்குச் சேலையக் காட்டு." மூன்று பட்டைத் திருநீற்றோடு நான் வெளியே வந்து நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையில் ஜெபமாலை. முதலாளியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "கொஞ்சம் அழுத்தமான கலராக் காட்டுங்க தம்பி" என்றாள். பெற்ற பிள்ளையை 'ங்க' போட்டுப் பேசினாள். நான் நாலு சேலை விரித்தேன். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனாள். என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தாள். அதன்பிறகு வீட்டில் அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சேலையைத் தங்கைக்குக் கட்டிவிடும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அதற்கப்புறம் அந்தக் கிண்ணத்தில் கைவைக்க என்னால் ஆகவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் கிளம்பிவிட்டேன்.

இத்தனையும் பட்டவன்தான் மருதமுத்து அண்ணனிடம் துண்டை நீட்டினேன்.

"ஒரு ஓரமா, முடிக்கு அடியில வச்சுக்குங்கண்ணே. யாருக்குத் தெரியப் போவுது" என்றேன்.

"மறைக்கிறதுக்கா தம்பி வச்சுக்கறது? அவ அங்க ஊரே சொல்லியும் அழிக்கல. நான் இங்க சம்பளத்துக்கு அழிச்சா என்னா அர்த்தம்?"

அதற்குள் துரை வந்துவிட்டார். என்ன தாமதம் என்றார். நான் வாயெடுத்தேன். "சார், ஹிஸ் வைஃப்..."

"நோய்வாய்ப்பட்டிருக்கிறாளா? வேண்டுமானால் அரைநாள் லீவு கொடு. முகத்தை மட்டும் கழுவச் சொல்."

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. சயாம் காடு, மூன்று வருஷம், பிணத்தைக் காட்டச் சொன்ன பெண், எல்லாவற்றையும் ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். கேட்டுத் துரை மனம் மாறியிருப்பாரா தெரியாது. நான் சொல்லவில்லை. "எஸ் சார்" என்றேன். அண்ணன் பக்கம் திரும்பி, "தொடச்சிடுங்கண்ணே" என்றேன்.

அவர் துண்டை வாங்கிக்கொண்டார். அதில் இரண்டு கைகளையும் நிதானமாகத் துடைத்தார். மடித்து ஆணியில் மாட்டினார். பிறகு, ஆட்கள் யாரும் போகக்கூடாத முன்வாசல் வழியாக, பீங்கான் அலமாரிகளுக்கு நடுவே, நெற்றியில் பொட்டோடு நடந்து போய்விட்டார். சீக்கியக் காவலாளி கதவைத் திறந்து சலாம் போட்டார். அது விளையாட்டா மரியாதையா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

வேறு வேலை தேடாமல் அண்ணன் ஊருக்கே கிளம்பினார். கப்பல் நாளன்று அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் மேல்தளம் வரை போனேன். அங்கே கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத அரியலூர்க் கதையை அவரிடம் சொன்னேன். கிண்ணம், ஆறுமுகம், அம்மா, சேலை, எல்லாம். மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. நீயும் என்னைப்போலப் பட்டவன்தான் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

அவர் முழுசும் கேட்டார்.

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சியா தம்பி? தெரியாம செஞ்சன்னுல்ல இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். வழியனுப்ப வந்தவர்கள் இறங்கச் சொல்லி மணி அடித்தது. "பெரம்பலூர்ப் பக்கம் போனா ஒங்க அம்மாவப் பாத்துச் சொல்றேன்" என்றார். என்ன சொல்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இறங்கி வந்து துறைமுகப் பாலத்தின் கைப்பிடிச் சட்டத்தில் சாய்ந்தேன். ஊருக்கு எழுத வேண்டிய கடிதத்தை யோசித்தேன். அங்கே இப்போது சுதந்திரம், திரும்பி வந்துவிடு என்கிறார்கள். எந்த நெற்றியோடு திரும்புவது? மறுநாள் திங்கட்கிழமை. காலையில் துண்டை நனைத்து மாட்ட வேண்டியவன் நான்தான். கப்பல் தளத்தில் இருந்த நேரத்தின் ஆட்டம் உடம்பைவிட்டுப் போகவில்லை. காலடியில் பினாங்குத் தரை அசைந்துகொண்டே இருந்தது. தூரத்தில், துறைவிட்டுக் கிளம்பி நாகப்பட்டினம் போகிற கப்பல் கொஞ்சமும் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தது.