ஏழு வருடம், இரண்டு மேசைகள்

அனக்லெதோ கோயோதல் எந்தச் சாப்பாட்டையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பதினெட்டு வருடமாக மதியம் மூன்று மணிக்கு ஊரே மரியாதையாகத் தோஞா என்று அழைக்கும் காசில்தாவின் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறார். தட்டைச் சோளரொட்டியால் வழித்து முடித்ததும், "ஒரு குறையும் இல்லை" என்பார். அதைக் கேட்ட காசில்தா உள்ளே போய் மருமகள் யதிராவிடம், "இன்னிக்குக் கீரை அமோகமா வந்திருக்குடி" என்பார். யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை.

கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய வெல்டிங் பட்டறை. சோலூலா ஊரில் பாதி வீடுகளின் ஜன்னல் கம்பியும் வாசல் கேட்டும் அவர் கைபட்டவை. மனைவி ஓதிலியாவுக்குப் பக்கத்து நகரத்தில் துணிக்கடை வேலை, திரும்பி வர ஏழு மணியாகும். யாரும் இல்லாத வீட்டில் மத்தியானம் சூடுபண்ணிச் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. நாலு பேர் மெல்லுகிற சத்தம் காதில் விழுந்தால்தான் சாப்பாடு சாப்பாடாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் ஊர் அவரை அறிந்திருந்தது கேட்டுகளுக்காக அல்ல. இருபத்தோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை லீக் கால்பந்துக்கு அவர்தான் நடுவர். முப்பத்தெட்டு வயதில் முழங்கால் கெட்டு அவர் ஆட்டத்தை விட்ட வருடம், நடுவர் வராமல் நின்ற ஒரு ஆட்டத்தில் யாரோ விசிலை அவர் கையில் கொடுத்தார்கள். யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கறுப்புச் சட்டையைத் தானே இஸ்திரி போடுவார். மைதானத்தில் சிரிக்கமாட்டார். ஊதிய விசிலைத் திருப்பி எடுத்ததில்லை. பார்த்தது, பார்க்காதது என்று இரண்டுதான் உண்டு, மூன்றாவதாக ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. உலகம் அத்தனை எளிமையாக வெட்டிவைத்த பண்டமா என்பது வேறு விஷயம். அந்த நம்பிக்கையோடு ஒரு மனிதரால் நிமிர்ந்து நடக்க முடிந்தது.

அந்த நம்பிக்கையால்தான் தன் கொம்பாத்ரேயையும் இழந்தார்.

ரெமிஹியோவும் அவரும் ஒரே தெருவில் கோலி விளையாடியவர்கள். ரெமிஹியோவின் மகன் உலிசெஸை ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தகப்பனாக ஏந்திப் பிடித்தவர் அனக்லெதோ. அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், ஒரு வருடத்தில் ஊர் மறந்துவிடும். கொம்பாத்ரேயோடு போடக்கூடாது. அது கோயிலில் வைத்துக் கட்டிய உறவு.

ஏழு வருடத்துக்கு முன் இறுதி ஆட்டம். ரெமிஹியோ பயிற்சி கொடுத்த, உலிசெஸ் ஆடிய அணி, ஒன்றுக்கு ஒன்று, முடிய இரண்டு நிமிடம். கோல் கட்டத்துக்குள் பந்து உலிசெஸின் கையில் பட்டது. பட்டதை அனக்லெதோ பார்த்தார், ஊதினார், வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். பெனால்டியில் கோல் விழுந்தது. ரெமிஹியோ கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்து முந்நூறு பேருக்கு முன்னால், "ஆட்டத்தை எவ்வளவுக்கு வித்தே?" என்று கேட்டார்.

அனக்லெதோ சிவப்பு அட்டையைக் காட்டினார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

ஆனால் காசில்தாவின் கடையை இருவரும் விடவில்லை. நான் ஏன் போகவேண்டும், அவன் போகட்டும் என்று இருவருமே நினைத்தார்கள். அனக்லெதோவுக்கு ஜன்னலோர மேசை, ரெமிஹியோவுக்குச் சுவரோர மேசை. இருவருக்கும் மூன்று மணி. சாப்பிட்டு எழுகிறவர் வாசலில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து, "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லவேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் "நன்றி" என்று சொல்லவேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கும் அதுதான் முறை. சொல்லாமல் போகிறவனை மாட்டுக்கொட்டிலில் வளர்ந்தவன் என்பார்கள். ரெமிஹியோ வேகமாகச் சாப்பிடுகிறவர். மூன்று இருபத்தைந்துக்கு எழுவார், வாசலில் நிற்பார், கூரையைப் பார்த்து, "நல்லா சாப்பிடுங்க" என்பார். அனக்லெதோ சூப் கிண்ணத்தைப் பார்த்து, "நன்றி" என்பார். ஏழு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆனால் ஒரு நாளும் விட்டுப்போனதில்லை.

ஒன்றை அனக்லெதோ யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு மறுநாள் உலிசெஸ் பட்டறைக்கு வந்து நின்றான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

"கையில பட்டுச்சு, ஞானப்பா. அப்பாகிட்ட படலைன்னு சொல்லிட்டேன்."

"பட்டது எனக்குத் தெரியும். நீ எதுக்கு இப்ப வந்தே?"

"நீங்க போய் அப்பாகிட்ட சொல்லுங்க. எனக்கு வாய் வரலை."

"உங்க அப்பாகிட்ட பேசவேண்டியது நீ. அந்தக் கம்பியைப் பிடி, ஆடாம பிடி."

பையன் அப்பாவிடம் சொல்லவில்லை. வருடங்கள் போயின. அவன் தெருவில் பார்த்தால் வந்து கையைப் பிடித்து முத்தமிடுவான், அவ்வளவுதான். போன டிசம்பர் முதல் வாரம் ஒரு உறையைக் கொண்டுவந்தான். கல்யாணம், இருபதாம் தேதி. தங்க எழுத்தில் அச்சடித்த அட்டை.

"அப்பா குடுக்கச் சொன்னார்" என்றான், காலைப் பார்த்துக்கொண்டு.

அனக்லெதோ அட்டையின் இரண்டு பக்கமும் பார்த்தார். அலுவலகத்து மேனேஜருக்கும் பல் டாக்டருக்கும் அட்டை கொடுக்கலாம். ஞானத்தகப்பனை அழைக்க, பையனைப் பெற்றவர் ரொட்டிக் கூடையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கவேண்டும். மணமக்கள் தோளில் இரட்டை ஜெபமாலையைப் போடப்போகிறவருக்கு அட்டை அனுப்பினால், வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று அர்த்தம்.

"நல்ல தாள்" என்றார்.

அன்று மாலை ஓதிலியா பிடித்துக்கொண்டாள். "போகப்போறீங்களா, இல்லையா?"

"அச்சடிச்ச தாளுக்கு நான் போறதில்லை."

"தாள் குடுத்தது அப்பன். கல்யாணம் பண்ணிக்கிறது பிள்ளை. தொட்டியில வெச்சு யாரைப் பிடிச்சீங்க, அப்பனையா?"

"கூடையோட வந்தா போவேன்."

"அவர் வரமாட்டார். நீங்க போகமாட்டீங்க. அந்த மாலையை யாரோ ஒருத்தன் போடுவான். நாம இங்க உக்காந்து டிவி பார்ப்போம்."

அவருக்கு அது உறைத்தது. பிள்ளை இல்லாத வீடு. உலிசெஸின் தோளில் மாலை போடவேண்டியது தன் கை என்று இருபத்தாறு வருடமாக நினைத்திருந்தார். ஆனாலும் ஊதிய விசிலைத் திருப்பி எடுப்பதில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு கால் கொஞ்சம் குட்டை. அட்டையை இரண்டாக மடித்து அதன் அடியில் சொருகினார். மேசை ஆடுவது நின்றது.

பத்தாம் தேதி மூன்று மணிக்குக் கடை வாசலில் சைக்கிள்கள் சுவர் நெடுக சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் காகிதப் பூ சுற்றிய குவாதலூப்பே மாதா படம். தெற்கே எங்கோ இருந்து தலைநகரத்துக்குத் திருநாளுக்காக மிதித்துப் போகிறவர்கள். உள்ளே வியர்வையும் மிளகாய்ப் புகையும். ஜன்னலோர மேசையில் நாலு பேர் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். காலியாக இருந்தது ஒரே நாற்காலி, ரெமிஹியோவுக்கு எதிரில்.

யதிரா கையில் நாலு கிண்ணத்தோடு நின்றாள். "கொஞ்சம் வெளியில நிக்கிறீங்களா, தோன் அனக்லெதோ? பத்து நிமிஷம்."

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்புவது அவர் பழக்கமில்லை. நேராக நடந்தார். நாற்காலியின் முதுகில் கைவைத்து, "உக்காரலாமா?" என்றார். யாராக இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி. யாராக இருந்தாலும் சொல்லவேண்டிய பதில் ஒன்றுதான்.

"உக்காருங்க" என்றார் ரெமிஹியோ. ஊறுகாய் மிளகாய்க் கிண்ணத்தை அரையடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அனக்லெதோவுக்குச் சேமியா சூப் வந்தது. எலுமிச்சை பிழிந்து குடித்தார். பிறகு சோறு. பிறகு பருப்புக்கீரை போட்ட பன்றிக்கறி, பக்கத்தில் கறுப்புப் பயறு. ரெமிஹியோ அப்போது பயறைத் தின்றுகொண்டிருந்தார். நடுவில் துணியில் சுற்றிய சோளரொட்டி. ஒருவர் கை போகும்போது மற்றவர் கை நின்றது. காசில்தா அடுப்பங்கரைத் தட்டியின் இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று இருபத்தைந்து. ரெமிஹியோ வாயைத் துடைத்தார், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அதே நேரம் யாத்ரீகர்களின் தலைவன் எழுந்து விசில் அடித்தான். இருபத்திரண்டு பேரும் எழுந்தார்கள். வாசல் குறுகலானது, ஒவ்வொருவராகத்தான் போகமுடியும். முதல் ஆள் வாசலில் நின்று திரும்பினான்.

"நல்லா சாப்பிடுங்க."

நாற்காலியில் மிச்சம் இருந்தது இவர்கள் இருவர்தான். "நன்றி" என்றார்கள் ஒரே நேரத்தில்.

"நல்லா சாப்பிடுங்க" என்றான் இரண்டாவது ஆள்.

"நன்றி."

மாதாவுக்காக மிதிக்கிறவர்கள். ஒருத்தரும் முறையை விடவில்லை. ஏழாவது ஆள் வந்தபோது அனக்லெதோவின் வாயில் கறித்துண்டு இருந்தது, அவசரமாக விழுங்கினார். பத்தாவது ஆள் ஹெல்மெட்டை மறந்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து, எடுத்துக்கொண்டு, மறுபடியும் சொன்னான். மறுபடியும் நன்றி சொன்னார்கள். பதினைந்தாவது ஆளுக்கு ரெமிஹியோவின் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"இன்னும் எத்தனை பேர்?" என்றார், யாரிடமும் அல்லாமல்.

"ஏழு" என்றார் அனக்லெதோ. எண்ணுவது நடுவர் தொழில்.

"நல்லா சாப்பிடுங்க."

"நன்றி. முடியலை, கொம்பாத்ரே" என்றார் ரெமிஹியோ. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. மேசையைப் பார்த்துக்கொண்டார். மீதி ஆறு பேருக்கும் அனக்லெதோதான் பதில் சொன்னார், தெளிவாக, இருவர் சார்பிலும்.

கடை காலியானது. ரெமிஹியோ எழவில்லை. தள்ளிய நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டார். யதிரா கேட்காமலே புளி சர்பத் குவளையைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அனக்லெதோ பொறுமையாகத் தட்டை வழித்தார்.

"பையன் நேத்து சொன்னான்" என்றார் ரெமிஹியோ. "கல்யாணத்துக்கு முன்னாடி பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனானாம். சாமியார் முதல்ல அப்பன்கிட்ட சொல்லிட்டு வான்னு அனுப்பிட்டார்."

"நல்ல சாமியார்."

"கையில பட்டிருக்கு."

"பட்டுச்சு."

"மறுநாளே உங்ககிட்ட சொல்லியிருக்கான். ஏழு வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

"மறுநாள் இல்லை. ஊதினப்பவே தெரியும்."

ரெமிஹியோ குவளையிலிருந்து இரண்டு டம்ளரிலும் ஊற்றினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். பையனே ஒத்துக்கிட்டான்னு சொல்லியிருக்கலாமே?"

"நடுவர் சாட்சி கூட்டிட்டு வரமாட்டான்" என்றார் அனக்லெதோ. "நான் ஊதினதை நீங்க நம்பணும். பையன் சொன்னதால நம்பினா, அது என்னை நம்பினதாகுமா?"

"கழுதைக்குக்கூட உங்களைவிட வளையத் தெரியும்."

"கழுதையா இருந்தா அன்னிக்கு ஆட்டத்தை வித்திருப்பேன். நல்ல விலையும் வந்திருக்கும்."

ரெமிஹியோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கவா, வேறெதையாவதா என்று சொல்லமுடியாது. டம்ளரை மேசையில் சுழற்றினார்.

"முந்நூறு பேருக்கு முன்னாடி கேட்டேன்" என்றார். "இங்க யாருமில்லாதப்ப மன்னிப்புக் கேட்டா அது சரியில்லை. கல்யாணத்துல அதே அளவு கூட்டம் வரும். அங்க சொல்றேன். நீங்க வரணும், கொம்பாத்ரே. மாலையை நீங்கதான் போடணும்."

ஏழு வருடம் காத்திருந்த வார்த்தை. அனக்லெதோ கடைசித் துண்டு ரொட்டியைத் தின்று, டம்ளரைக் காலி செய்து, தட்டில் கரண்டியை நேராக வைத்தார்.

"இங்க கேட்டா செல்லாது."

"என்னது?"

"சாப்பாட்டுக் கடையில கேட்கிற விஷயமா இது? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. காலையில மேட்ச் இருக்கு, நாலு மணிக்கு மேல. கூடையோட வாங்க. ஓதிலியாவுக்கு எள்ளு தூவின ரொட்டிதான் பிடிக்கும்."

"அப்ப நான் அனுப்பின அட்டை?"

"மேசைக்கு அடியில இருக்கு. நல்லாத் தாங்குது. எடுத்துடாதீங்க, ஆடும்."

ரெமிஹியோ வாயைத் திறந்தார். இந்த மனிதரோடு இதையும் வாதாடவேண்டுமா என்று ஒருகணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு, "நாலு மணி" என்றார்.

தட்டிக்குப் பின்னாலிருந்து காசில்தா குரல் கொடுத்தார். "கீரை எப்படி இருந்துச்சு, தோன் அனக்லெதோ?"

"ஒரு குறையும் இல்லை."

யதிரா ஈரத்துணியோடு வந்தாள். சுவரோர மேசையைத் துடைத்தபடியே, "ஏழு வருஷமா உங்களுக்காக ரெண்டு மேசை துடைச்சேன்" என்றாள். "நாளையிலேர்ந்து ஒண்ணு போதுமில்ல?"

அனக்லெதோ எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை கூடை வரட்டும்" என்றார். "அதுவரைக்கும் ரெண்டையும் துடை."

ரெமிஹியோ தலையாட்டினார். இந்தத் தீர்ப்பை அவர் எதிர்க்கவில்லை.